மால்சூன் அம்மாளுக்கு விதித்த நிறம்

கூ மால்சூன் அம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது வரை தான் எந்தப் பருவம் என்று தெரியாது. அது தெரியாமலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டாள், ஒரு பெண்ணைப் பெற்றாள், பெண்ணுக்கு ஆறு வயதாகும்போது புருஷனைப் பறிகொடுத்தாள், மங்வோன் சந்தையில் தொடுகறிக் கடை போட்டு இருபத்து நான்கு வருஷம் மிளகாயில் ஊறவைத்த கிம்ச்சி விற்றாள். இத்தனையையும் பருவம் தெரியாமல் செய்தது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது முகத்துக்கு ஒத்துவரும் நிறத்தை வைத்து ஆளை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் நாற்பருவ நிற ஆய்வகத்தின் படியேறிய பிறகுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது.

அவளைப் படியேற வைத்தது மகள் சேரின். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். அங்கே புதிதாகச் சேருகிறவர்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பருவத்தைக் கேட்பார்களாம். சேரின் 'பளிச் வசந்தம்' என்று அட்டை வாங்கி வைத்திருந்தாள். வாங்கிய அன்றே வீட்டிலிருந்த கறுப்புத் துணி அத்தனையையும் மூட்டை கட்டினாள். வசந்தகாலத்து முகத்துக்குக் கண்ணாடி ஆகாது என்று சொன்னதால் போட்டோ எடுக்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். அதுவோ சோஜு சாராய பாட்டிலின் அடிபோலத் தடித்த கண்ணாடி. அதைக் கழற்றினால் எதிரே நிற்பது அம்மாவா அலமாரியா என்று அவளுக்குத் தெரியாது.

சேரினுக்கு மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை தோக்யூ லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் எஞ்சினீயர், தங்கமான பையன். மால்சூனுக்கு அதில் குறையே இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை.

கல்யாணத்தில் பெண்ணின் அம்மா ரோஸ் நிறத்தில் ஹன்போக் என்கிற பாரம்பரியப் பாவாடைச் சட்டை கட்டுவாள். பிள்ளையின் அம்மா நீல ஹன்போக் கட்டுவாள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பது கிடையாது. மண்டபத்துக்குள் நுழைகிறவன் ஒரு தடவை கண்ணை ஓட்டினால் போதும், எந்த அம்மாவிடம் போய்க் குனிந்து வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடும். மால்சூன் கடைக்கு நான்கு கடை தள்ளி ஒரு ஹன்போக் கடை. அதன் கண்ணாடிக்குள் மலையில் பூக்கும் சிந்தால்லே பூவின் ரோஸில் ஒரு துணி. சேரினுக்கு மாப்பிள்ளையே அமையாத காலத்திலிருந்து மால்சூன் அதைப் பார்த்துவருகிறாள். மிளகாய் விழுது ஊறிய கை என்பதால் உள்ளே போய்த் தொட்டுப் பார்த்ததில்லை. தன் கல்யாணத்துக்கு வேறொருத்தி அளவில் தைத்த வாடகைக் கவுனை ஊசி குத்திக் கட்டிக்கொண்டவள் அவள். அதற்கப்புறம் அவள் உடம்பில் ஏறியதெல்லாம் கடைச் சிவப்பு ஏப்ரன், சிவப்பு ரப்பர் கையுறை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த ரோஸைக் கட்டிக்கொண்டு 'நான்தான் சேரினோட அம்மா' என்று ஊர் பார்க்க உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

"அம்மா, மண்டபக்காரங்க பேக்கேஜ்லயே வருது," என்றாள் சேரின். "சாப்பாடு, பூ, போட்டோ, ரெண்டு அம்மாவுக்கும் நிறப் பரிசோதனை. போய்ட்டு வந்துடு. ஒரு மணி நேரம்தான்."

"எனக்கு என்ன பரிசோதனை? நான்தான் துணியை முடிவு பண்ணிட்டேனே."

"அதைத்தாம்மா அவங்களும் சொல்லப்போறாங்க. சொல்லட்டுமே."

ஆய்வகத்தில் முதலில் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு சாம்பல் நிறச் செருப்பு கொடுத்தார்கள். சுவர் சாம்பல், நாற்காலி சாம்பல், கொடுத்த தண்ணீர்க் குவளையும் சாம்பல். மூன்று தடவை முகம் கழுவச் சொன்னார்கள். தலைமயிர் தெரியாமல் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, கழுத்திலிருந்து முழங்கால்வரை இன்னொரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, சுற்றிலும் விளக்கெரியும் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு நடப்பதாகவே மால்சூன் நினைத்தாள்.

இயக்குநர் பியோ வந்தாள். தலை முதல் கால் வரை சாம்பல். பின்னால் சாம்பலாக இரண்டு உதவியாளர்கள், அவர்கள் கையில் நூற்றிருபது துணிகள். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் மால்சூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, சிரிக்காதீங்க," என்றாள் இயக்குநர். "சிரிச்சா கன்னத்துக்கு ரத்தம் ஏறும். ரத்தம் ஏறினா முடிவு மாறிடும்."

"ரத்தம் என்னோடதுதானே?"

"உங்களோடதுதான். ஆனா நம்ப முடியாது."

துணிகளை ஒவ்வொன்றாக மோவாய்க்குக் கீழே விரித்தார்கள். ஒவ்வொரு துணிக்கும் உதவியாளர்கள் இருவரும் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள். சில துணிக்கு மகிழ்ச்சியாக, சில துணிக்கு யாரோ படியில் உருண்டதைப் பார்த்ததுபோல. அறுபத்தேழாவது துணியாக அந்த ரோஸ் வந்தது. அதே சிந்தால்லே ரோஸ். மால்சூன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உதவியாளர்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பார்த்தீங்களா?" என்றாள் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "முகம் செத்துப்போச்சு."

"எங்கே? அப்படியேதானே இருக்கு."

"இப்ப நீலம் வைக்கிறேன். வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுதே. அது ரோஸ், இது நீலம்."

"துணியைப் பார்க்காதீங்கம்மா. முகத்தைப் பாருங்க."

"ரெண்டுலயும் நான்தான் இருக்கேன்."

இயக்குநர் பியோ உதவியாளர்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். "இதுதாம்மா உங்க வகைக்காரங்களோட முதல் அறிகுறி. அவங்களுக்குத் தங்களையே அடையாளம் தெரியாது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

"வித்தியாசம் தெரியுதுன்னு சொல்றவங்க?"

"அவங்களுக்கும் நாங்க வேணும். தெரியறது சரியான்னு யாரு சொல்றது?"

அந்தச் சமயம் பார்த்து மூக்கரித்தது. மால்சூன் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். உதவியாளர்களின் பேனா நின்றது. இருபத்து நான்கு வருஷம் மிளகாய்ப் பொடியில் புரண்ட கை. கையுறை போட்டாலும் உறையின் கிழிசல் வழியாக ஏறி, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை செம்மஞ்சள் பாரித்துப் போயிருந்தது. எந்த சோப்புக்கும் அது மசியாது.

"கை... இலையுதிர்காலம்," என்றாள் ஒரு உதவியாளர், மெதுவாக.

முகம் ஒரு பருவமும் கை வேறொரு பருவமுமாக ஒரு ஆள் வந்தது ஆய்வக வரலாற்றிலேயே முதல் தடவையாம். மூன்று பேரும் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் ஆலோசித்தார்கள். திரும்பி வந்ததும் மால்சூனை எழுந்து நிற்கச் சொன்னார்கள். இயக்குநர் தீர்ப்பை வாசித்தாள். முகத்தின் அதிகாரமே செல்லும். கூ மால்சூன் 'மங்கிய குளிர்க்கோடை'. அனுமதிக்கப்பட்டவை: சாம்பல் நீலம், புகை ஊதா, மழைக்கு முந்தைய மேகம். தவிர்க்க வேண்டியவை: சிந்தால்லே ரோஸ், மிளகாய்ச் சிவப்பு. கைகள் பொது இடங்களில் மறைக்கப்பட வேண்டும்.

"கோடைன்னா எப்படிங்க குளிரும்?" என்று கேட்டாள் மால்சூன்.

"அது வேற கோடை," என்றாள் இயக்குநர். பெயரும் வரிசை எண்ணும் பொறித்த ஒரு கெட்டியான சாம்பல் பிளாஸ்டிக் அட்டை மால்சூனிடம் கொடுக்கப்பட்டது.

மறுநாள் சந்தையில் அவளைப் பார்த்த முதல் வாடிக்கைக்காரி, "உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். மகள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு மால்சூன் மழைக்கு முந்தைய மேகத்தில் ஒரு ஏப்ரனும் ஊதா ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு நின்றாள். முன்னால் மலைமலையாகச் சிவப்புக் கிம்ச்சி. அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும் என்று அட்டையின் பின்பக்கம் போட்டிருந்தது. தள்ளி நின்றுகொண்டு நீளக் கரண்டியால் எட்டி எட்டி அள்ளினாள். பாதி கீழே சிந்தியது.

எதிர்க் கடையில் மீன் விற்கும் தோக்ஜாவுக்கு அன்றைக்கு வியாபாரமே ஓடவில்லை, வேடிக்கை பார்க்கவே பொழுது சரியாயிருந்தது. "அக்கா, எங்க கானாங்கெளுத்திக்கும் ஒரு அட்டை வாங்கித் தரியா? ரெண்டு நாளா கண்ணு மங்கலாவே இருக்கு. அதுவும் குளிர்க்கோடையா இருக்கும்."

"போடி. உன் மீனுக்குப் பருவம் முடிஞ்சே போச்சு," என்றாள் மால்சூன். வாய் சிரித்தது, மனசு சிரிக்கவில்லை. நான்கு கடை தள்ளிக் கண்ணாடிக்குள் இருக்கும் ரோஸை அவள் அன்றைக்குப் போய்ப் பார்க்கவில்லை.

இதற்குள் மாப்பிள்ளையின் அம்மா யோம் மிரானுக்கும் பரிசோதனை முடிந்தது. மருந்துக் கடை வைத்திருக்கிற நெட்டையான மனுஷி. பரம சாது. யாரையும் மறுத்துப் பேசத் தெரியாது. கடைக்கு வந்தவன் தப்பான மருந்தைக் கேட்டால்கூட நாலு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் திருத்துவாள். அவளுக்கு வந்த தீர்ப்பு 'இளஞ்சூட்டு வசந்தம்'. நீலம் அவளைக் கொன்றுவிடும். ரோஸ்தான் உயிர் கொடுக்கும்.

ஆகவே ஆய்வகம் இரண்டு ஹன்போக்குகளையும் மாற்றிவிட்டது. பெண்ணின் அம்மாவுக்கு நீலம், பிள்ளையின் அம்மாவுக்கு ரோஸ். மிரான் போனில் அழைத்தாள். "சம்பந்தியம்மா, எனக்கு ரொம்பச் சங்கடமா இருக்கு. நான் வேணும்னா ரெண்டும் இல்லாம பழுப்பு ஏதாவது..."

"பழுப்பும் உங்களுக்கு ஆகாதுன்னு போட்டிருப்பாங்களே?"

"ஆமா, போட்டிருக்காங்க," என்றாள் மிரான், அழாக்குறையாக.

மால்சூன் மேல்முறையீட்டுக்குப் போனாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று எள்ளிலைக் கிம்ச்சி ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டாள். டப்பாவின் நிறம் வளாகத்துக்குள் அனுமதிக்கப்படாது என்று வரவேற்பில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே அதே அறை, அதே விளக்கு. இயக்குநர் பியோவே உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் மட்டும் ஒரு ஸ்கார்ஃப்.

"மேல்முறையீட்டு அதிகாரியைப் பார்க்கணும்."

"நான்தாம்மா. அந்தப் பொறுப்புல இருக்கும்போது ஸ்கார்ஃப் கட்டிக்குவேன்."

மால்சூன் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பெண்ணோட அம்மா ரோஸ்தான் கட்டணும், இது ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம், நீலம் கட்டினா என்னை மாப்பிள்ளைக்கு அம்மான்னு நினைப்பாங்க, நான் எத்தனையோ வருஷமா... அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டாள். "அம்மா, வழக்கம்னா என்ன? முன்னாடி யாரோ பரிசோதனை பண்ணாம கட்டிக்கிட்ட துணி. லட்சக்கணக்கான அம்மாக்கள் ரோஸைக் கட்டிக்கிட்டு, முகம் செத்துப்போய்த்தான் மேடை ஏறியிருக்காங்க. போட்டோல சந்தோஷமா இருக்கிற மாதிரி தெரியும். அது சந்தோஷம் இல்ல, வெளிச்சக் கோளாறு. பதினேழு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். இங்க வந்த ஒருத்தரைக்கூட, கட்டிக்கிட்டு வந்த துணியே சரின்னு சொல்லித் திருப்பி அனுப்பினது இல்ல. அவ்வளவு துல்லியம்."

"ஆள் தெரியாம குழம்பிடுவாங்களே?"

"அதுக்கு அறிவிப்புப் பலகை வைப்போம். விருந்தாளிங்க படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க. எங்க பேக்கேஜ்ல உண்டு."

மனு தள்ளுபடி ஆனது. வெளியே வரும்போது வரவேற்பில் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். காலியாக இருந்தது. கழுவிக்கூட இல்லை.

சேரினிடம் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, போட்டோ காலத்துக்கும் இருக்கும்மா. நீ அழகா இருக்கணும்னுதானே நான் சொல்றேன்," என்று சேரினுக்கே கண் கலங்கியது. ஒரே பெண். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதை அழவைத்து என்ன கண்டோம் என்று மால்சூன் வாயை மூடிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலையில் ஆய்வகத்தின் ஒப்பனைப் பிரிவு மால்சூன் முகத்தில் இரண்டு மணி நேரம் வேலை செய்தது. வெயிலில் ஏறிய சிவப்பைப் பூசி மறைத்தார்கள். புருவத்தைச் சாம்பலாக்கினார்கள். உதட்டுக்குப் புகை ஊதா. கைகளுக்கு முழங்கை வரை வெள்ளைக் கையுறை. கண்ணாடியில் பார்த்தபோது யாரோ ஒரு வங்கி மேலாளரின் மனைவி உள்ளே நின்றுகொண்டு மால்சூனை வெறித்தாள். சேரினுக்கு வேறு அறையில் அலங்காரம். வசந்தகாலக் கண்ணுக்கென்று பழுப்பு லென்ஸ் மாட்டியிருந்தார்கள். அழகுக்கு மாட்டுவது, பவர் கிடையாது.

மண்டபத்தில் பகல் பன்னிரண்டரைக் கல்யாணம். ஒன்றரைக்கு அடுத்த ஜோடி. காதில் ஒயர் மாட்டிய மண்டபப் பெண் ஒருத்தி எல்லாரையும் ஆடு மேய்ப்பதுபோல ஓட்டிக்கொண்டிருந்தாள். "நீல அம்மா இந்தப் பக்கம். ரோஸ் அம்மா அந்தப் பக்கம்."

"நான் பொண்ணோட அம்மா," என்றாள் மால்சூன்.

"நீலம் கட்டியிருக்கீங்களே?"

"அது ஆய்வகத்துல... பலகை வெச்சிருக்காங்க, பாரு."

மண்டபப் பெண் வாசலைப் பார்த்தாள். பலகை இருந்தது. ஆனால் கறுப்பு எழுத்து குளிர்காலக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்பதால், ஆய்வகம் வெளிர் சாம்பல் பலகையில் வெளிர் ஊதா எழுத்தால் விளக்கம் எழுதியிருந்தது. மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால் ஏதோ புழு ஊர்ந்ததுபோல் தெரியும். யாரோ அதன்மேல் குடையைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"வெறும் பலகைம்மா அது. சீக்கிரம் நில்லுங்க, வந்துட்டாங்க," என்று அந்தப் பெண் மால்சூனை மாப்பிள்ளை வீட்டு வரிசையில் தள்ளிவிட்டாள். பக்கத்தில் மிரானின் கணவர் பாங். முப்பது வருஷம் சுரங்க ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், சிக்னலுக்கு விரோதமாக ஒரு அடி நகர்ந்தறியாதவர். மண்டபக்காரர்கள் நீலப் பக்கம் நில்லு என்றார்கள், நின்றார். மால்சூனைப் பார்த்துத் தலையசைத்து, "நல்ல வெயில்," என்றார்.

மாப்பிள்ளையின் பெரியப்பாக்களும் சித்தப்பாக்களும் வந்து மால்சூன் முன்னால் குனிந்து, பிள்ளையை நன்றாக வளர்த்திருப்பதாகப் பாராட்டினார்கள். "நான் இல்லீங்க," என்று அவள் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை குனிந்தார்கள். அதற்கப்புறம் சந்தைக்காரர்கள் வந்தார்கள். முன்னால் தோக்ஜா, இருக்கிறதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு. மால்சூனுக்கு உயிர் வந்தது. ஆனால் தோக்ஜா அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, மரியாதையாக இடுப்பு வரை குனிந்தாள்.

"வணக்கம், சம்பந்தியம்மா. நான் பொண்ணு வீட்டுப் பக்கம். எங்க மால்சூன் அக்கா பொண்ணு உங்களுக்கு மருமகளா வர்றது நீங்க பண்ணின புண்ணியம். அக்காவுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம், முள்ளங்கிக் கிம்ச்சியில உப்பும் ஒரு கை தூக்கல். மத்தபடி தங்கம். நீங்க அனுசரிச்சுப் போங்க."

"உப்பு எங்கடி தூக்கல்?" என்று கேட்க வாயெடுத்தாள் மால்சூன். அதற்குள் தோக்ஜா மண்டபத்தின் அந்தக் கோடியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூரத்தில் ரோஸ் ஹன்போக்கில் மிரானின் முதுகு தெரிந்தது.

"அதோ பாருங்க. ஒரு நாளாவது ரோஸ் கட்டணும்னு அவ்வளவு ஆசைப்பட்டா. வெளியே சொல்ல மாட்டா. அந்தத் துணிக் கடை வாசல்ல நின்னு நின்னு பார்ப்பா, எங்களுக்கெல்லாம் தெரியும். கடைசியில கட்டிட்டா. இன்னிக்கு என்னமோ உயரமாக்கூடத் தெரியறா."

மால்சூனும் அந்த ரோஸையே பார்த்தாள். தோக்ஜா இன்னொரு தடவை குனிந்துவிட்டுப் போய்விட்டாள்.

மெழுகுவர்த்தி ஏற்றும் நேரம் வந்தது. இரண்டு அம்மாக்களும் கைகோத்து நடந்து போய் ஏற்ற வேண்டும், பிள்ளை வீட்டுக்கு நீல மெழுகுவர்த்தி, பெண் வீட்டுக்குச் சிவப்பு. காது ஒயர்ப் பெண் நீலத்தை நீலத்திடமும் ரோஸைச் சிவப்பிடமும் நிறுத்தினாள். "சம்பந்தியம்மா, இது தப்பு இல்லையா?" என்று மிரான் பல்லுக்குள் கேட்டாள். "ஏத்திடுங்க, எல்லாம் நெருப்புதானே," என்றாள் மால்சூன். கையுறைக்குள் விரல் வழுக்கி, மூன்றாவது தடவைதான் லைட்டர் பற்றியது. மைக்கில் நிகழ்ச்சி நடத்துகிறவன், "மணமகனின் தாயார் பதற்றத்தில் இருக்கிறார், கைதட்டி உற்சாகப்படுத்துங்கள்," என்றான். எல்லாரும் தட்டினார்கள். முதல் வரிசையில் இயக்குநர் பியோ மேற்பார்வைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். மால்சூனின் நீலத்தைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தாள்.

மோதிரம் மாற்றினார்கள், உறுதிமொழி வாசித்தார்கள். பிறகு பெற்றோரை வணங்கும் கட்டம். முதலில் பெண் வீடு. ஜோடி நேராக ரோஸ் ஹன்போக்கின் முன்னால் போய் நின்றது. மிரான் கையை ஆட்டி ஏதோ சொன்னாள், பியானோ சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தோக்யூ அப்படியே தரையில் விழுந்து நெற்றி தொட வணங்கினான். எழுந்திருக்கும்போதுதான் முகத்தைப் பார்த்தான்.

"அம்மா?" என்றான்.

"மாமியாரை 'அம்மா' என்றே அழைத்துவிட்டார் மாப்பிள்ளை," என்றான் மைக் பிடித்தவன். "இப்படியல்லவா இருக்க வேண்டும்." மண்டபம் இடிய இடியக் கைதட்டல். இரண்டு பேர் விசிலடித்தார்கள். தோக்யூ வாயைத் திறந்தபடி நின்றான்.

சேரின் அதற்கு முன்பே அழ ஆரம்பித்திருந்தாள். பவர் இல்லாத லென்ஸுக்கும் கண்ணீருக்கும் அப்பால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ரோஸ் பிழம்பு. கல்யாண வீடியோ நூறு பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரோஸ் என்றால் அம்மா. தானே மாற்றச் சொன்ன துணி என்பதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே ஞாபகம் வரும்? மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, பனிக்காலத்துல ஐஸ் தண்ணியில முட்டைக்கோஸ் கழுவி என்னைப் படிக்க வெச்சே. நான் ஸ்கூல்ல உன் கையைப் பிடிச்சு நடக்க வெட்கப்பட்டேன். பசங்க கேலி பண்ணுவாங்கன்னு. அந்தக் கையை இன்னிக்கு எல்லார் முன்னாடியும் பிடிச்சுக்கணும்னு..."

எதிர்ப்பக்கம், மாப்பிள்ளை வீட்டு நாற்காலியில், அடுத்தவள் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மால்சூன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வருஷத்துக்கும் சேர்த்துக் கிடைத்த வார்த்தை, வேறொருத்தி மடியில் போய் விழுந்துகொண்டிருந்தது. பாங், "நல்லாப் பேசறா," என்றார்.

சேரின் குனிந்து ரோஸ் ஹன்போக்கின் கையைத் துழாவிப் பிடித்தாள். மாத்திரை எண்ணும் கை, மெத்தென்று இருந்தது. சேரின் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள். அழுகை நின்றது.

"இது எங்க அம்மா கை இல்லையே," என்றாள். பக்கத்தில் மைக் இருந்ததால் அது கடைசி வரிசை வரை கேட்டது.

பியானோ நின்றது. மால்சூன் எழுந்தாள். வலது கையுறையைக் கழற்றினாள், இடதையும் கழற்றினாள், இரண்டையும் பாங் மடியில் வைத்தாள். முதல் வரிசையிலிருந்து இயக்குநர் பியோ பதறி எழுந்து, "அம்மா, கையுறை, கையுறை," என்று சைகை காட்டினாள். அந்த விளக்கு வெளிச்சத்தில் செம்மஞ்சள் கை இரண்டும் கடைசி வரிசைக்குத் தெரிந்தன.

"ஐயோ, அது மால்சூன் அக்கா," என்றாள் தோக்ஜா. "உப்பு தூக்கல்னு அவகிட்டயேவா சொன்னேன்?"

மால்சூன் நடுப்பாதையைத் தாண்டிப் போய் ரோஸ் ஹன்போக்கின் முன்னால் நின்றாள். சத்தம் போடவில்லை.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் எந்திரிங்க. அது என் நாற்காலி."

"அப்பாடா," என்று எழுந்த மிரான் மன்னிப்புக் கேட்கக்கூட மறந்துபோனாள். அவள் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்க வேண்டும்.

மால்சூன் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். சேரின் அதைப் பிடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து அழுதாள். மால்சூனும் அழுதாள். இரண்டு மணி நேரத்துக் குளிர்க்கோடை கரைந்து நீல ஹன்போக்கில் சொட்டியது, உள்ளேயிருந்து சிவந்த முகம் ஒன்று வெளியே வந்தது. மைக் பிடித்தவன் கையைக் கீழே இறக்கினான்.

போட்டோவுக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான் மிச்சம், அடுத்த ஜோடி வாசலில் வந்து நின்றுவிட்டது. இரண்டு சம்பந்திகளும் திரைக்குப் பின்னால் ஓடினார்கள். திரும்பி வந்தபோது மால்சூன் ரோஸில் இருந்தாள். நெட்டையான மிரானின் அளவில் தைத்தது, பாவாடை தரையில் ஒரு முழம் புரண்டது. தோக்ஜா குனிந்து ஊசி குத்தினாள். "இந்த உயரம்தான் சரி," என்று முணுமுணுத்தாள். மிரானின் நீலம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, உயிரோடுதான் இருந்தாள்.

பத்து நாளில் படம் வந்தது. ஆய்வகத்துக்கும் ஒரு பிரதி போயிற்று, பேக்கேஜில் அதுவும் உண்டு. இயக்குநர் பியோ பதில் எழுதியிருந்தாள். படத்தில் பெண்ணின் தாயார் முகம் பளிச்சென்று இருப்பது வெளிச்சக் கோளாறு. தீர்ப்பை மீறித் தடைசெய்யப்பட்ட நிறத்தை அணிந்ததாலும், பொது இடத்தில் கைகளைக் காட்டியதாலும் அவரது பருவம் ரத்து செய்யப்படுகிறது. அட்டையை உடனே திருப்பி அனுப்ப வேண்டும்.

மால்சூன் அனுப்பவில்லை. நல்ல கெட்டி பிளாஸ்டிக். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் மிளகாய் விழுதை வழிக்க அதுபோல ஒன்று அவளுக்கு இத்தனை வருஷமாகக் கிடைத்ததில்லை. சிவப்பு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தினமும் அதாலேயே வழிக்கிறாள். சாம்பலாக இருந்த அட்டை இப்போது முழுக்கச் செம்மஞ்சள். எந்த சோப்புக்கும் மசியவில்லை. பெயரும் எண்ணும் மட்டும் இன்னும் தெரிகின்றன.